கீச்சில்லாத தாலாட்டு

அனுப்பிவிட்டேன். கிட்டாரில் வாசித்த இரண்டு நிமிடத் தாலாட்டு. ஒரு கீச்சுகூட இல்லை.

இதற்குப் பதினோரு மாதம் ஆனது. நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்கள்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

குற்றம் என் விரல்கள்மேல்தான். முப்பத்தாறு வருடம் மின்வாரியத்தில் கம்பம் ஏறிக் காய்த்தவை. தீக்குச்சியை உரசினால் பற்றிக்கொள்ளும். போதாததற்கு எங்கள் உச்சிப்புளி உப்புக்காற்று. மாப்பிள்ளை விட்டுப்போன கிட்டாருக்குத் திங்கட்கிழமை புதுக் கம்பி மாட்டினால் வெள்ளிக்கிழமை துரு. அந்தத் துருமேல் இந்த விரலை இழுத்தால் கீச்சிடாமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு பதிவுக்கும் கோயம்புத்தூரிலிருந்து என் மனைவி பூமயிலின் குரல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். மகள் பிரசவத்துக்கு மூன்றே மாதம் என்று சொல்லிப் போனவள்.

“ஏங்க, எலியப் போட்டு மிதிக்கிறீகளா? இப்பத்தான் கண்ணசந்தான், முழிச்சுக் கத்துறான் பாருங்க!”

பின்னால் பேரன் கத்துவான். அப்புறம் மூன்று நிமிடம் எனக்கு அர்ச்சனை. சாப்பிட்டேனா, மோட்டாரை நிறுத்தினேனா, எல்லாம் அதிலேயே வந்துவிடும். தனியாகப் போன் போட்டுப் பேச அவளைப் பேரன் எங்கே விடுகிறான்?

ஒரு தாலாட்டையாவது ஒழுங்காக வாசித்துக் காட்டாமல் விடுவதா?

கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவினேன். கை வழுக்கிக்கொண்டு பாம்பன் பாலம் வரைக்கும் போய்த் திரும்பியது. பவுடர் போட்டேன். கிட்டார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணத்தது, கீச்சு மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் சூட்சுமம் பிடிபட்டது. விரலை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். கம்பத்தில் கால் மாற்றுகிறோமே, அதுபோல.

விரல் காய்ப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். துருக் கம்பியைக் கழற்றி எறிந்து புதுசு மாட்டினேன். பக்கத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் ஓய்ந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். வாசித்து முடித்தபோது எனக்கே கண் சொருகியது.

பதில் வந்தது.

ஒரு மஞ்சள் கட்டைவிரல். அவ்வளவுதான்.

பேரன் தூங்கிவிட்டான் போல. நல்லதுதான்.

மறுநாள் இன்னொன்று வாசித்து அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல். மூன்றாம் நாளும் அதே. சாப்பிட்டேனா என்று உலகத்தில் ஒரு ஜீவன் கேட்கவில்லை. மோட்டார் தன் பாட்டுக்கு ஓடி, தொட்டி நிரம்பி, உச்சிப்புளி ஒரு தீவாகும் நிலைக்கு வந்தது.

நாலாம் நாள், கழற்றி எறிந்த துருக் கம்பியைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினேன். இரண்டாவது வரியில் விரலை அழுத்தி ஒரே இழுப்பு. வாலிநோக்கம் உப்பளத்தில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்திருக்கும்.

அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வந்துவிட்டது குரல். எலி, பேரன், அர்ச்சனை, சாப்பாடு, மோட்டார். ஒன்று குறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

முடிக்கப்போகிற நேரத்தில் அவள் குரல் தணிந்தது.

“இதுக்கு முந்தி அனுப்புனது உங்க கை இல்லையே. வீட்டுக்கு யாரு வந்திருந்தா?”

‘ஊரே வந்திருந்துச்சு பூமயிலு, உக்கார இடமில்ல’ என்று தட்டி அனுப்பினேன்.

பிறகு எழுந்துபோய், கிடந்த ஒரே ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.