மஞ்சள் சக்கரம்

"ஒண்ணு, அவரைச் சங்கத்தை விட்டு நீக்குங்க. இல்லேன்னா நான் விலகிக்கிறேன்" என்றாள் அவள்.

ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க அறை கொடுக்கும் வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. சங்கத்தின் இணையதளத்தில் பெயர் இல்லாத வீட்டுக்கு ஒரு விருந்தாளியும் வரமாட்டார். நீக்குவது என்றால் பிழைப்பில் மண்ணைப் போடுவதுதான். அது தெரிந்துதான் அவள் கேட்டாள்.

சங்கத் தலைவர் படகு விடுகிறவர். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, தபால்காரர் அப்படி என்ன செய்துவிட்டார் என்று விசாரித்தார்.

தபால்காரர் அவளுக்குப் பக்கத்து வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பெயர் அவரை விடவில்லை. அணை கட்ட வந்தவர்களுக்காக ஒரே அச்சில் கட்டிய வரிசை வீடுகள் அவை. அதில் தன் வீட்டைத் தனியாகத் தெரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் வராந்தாவில் ஊஞ்சல் போட்டாள். விருந்தாளிகள் முறை வைத்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தபால்காரர் வராந்தாவிலும் ஊஞ்சல் வந்தது. கேட்டுக்கு நீலம் அடித்தாள், அங்கேயும் அதே நீலம். கிழிந்த ரப்பர் பூட்ஸ்களில் மண் நிரப்பிப் பூச்செடி வைத்தாள். அவர் எங்கேயோ போய்க் கிழிந்த பூட்ஸ் தேடிக்கொண்டு வந்தார்.

"ஈயடிச்சான் காப்பிண்ணே. எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தா, பஸ்ஸை விட்டு இறங்கி வர்றவங்க முதல் வீட்டுலதானே நுழைவாங்க?"

அது நியாயம்தான். ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தால் முதலில் வருவது தபால்காரர் வீடு.

அவளை இன்னும் உறுத்தியது வேறொன்று. தினமும் காலையில் அவர் தன் கேட்டருகே நின்று அவள் வராந்தாவை மேலும் கீழும் நோட்டம் விடுவார். போதாக்குறைக்கு, வேன் ஓட்டும் அவள் கணவன் ஒருநாள் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தபால்காரர் நடந்து வருவதைப் பார்த்துவிட்டான். மாமனார் மதியத்தில் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவார். கொஞ்சம் மறதி உண்டு. தபால்காரரோடு எங்கே போயிருந்தீர்கள் என்று அவரைக் கேட்டதற்கு, நேராக வீட்டுக்குத்தானே வந்தேன் என்று முறைத்தார்.

அவளுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று மாமனாரின் வாயைப் பிடுங்குகிறார் அந்த மனுஷன். மறதிக்காரரிடம் போய் இந்த வேலையா என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு பொறி வைத்தாள். எதற்கும் உதவாத பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து ஊஞ்சலுக்கு மேலே தொங்கவிட்டாள். இது என்ன என்று கேட்ட விருந்தாளிகளிடம் சிரித்து மழுப்பினாள். மூளையுள்ள எவனும் இதைக் காப்பி அடிக்கமாட்டான் என்பதுதான் கணக்கு.

"இன்னிக்குக் காலையில பார்க்கறேன், அங்கேயும் மஞ்சள் சக்கரம். நீங்களே வந்து பாருங்க."

தலைவரை இழுத்துக்கொண்டு போனாள். நீல கேட் திறந்தே கிடந்தது. குரல் கொடுக்காமல் உள்ளே நுழைந்தாள்.

சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. அதற்குக் கீழே ஊஞ்சலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அவளுடைய மாமனார். தபால்காரர் தரையில் உட்கார்ந்து, அவர் காலில் ஒட்டியிருந்த ஏரிச் சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "எங்கேம்மா போயிருந்தே? நம்ம வீட்டுக்குப் படகுக்காரர் வந்திருக்கார் பாரு. குடிக்க ஏதாவது கொண்டா."

தலைவர் பூட்ஸில் பூத்திருந்த செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவர்களை ஓரமாக அழைத்துப்போனார்.

"ஏரியிலிருந்து வர்றப்போ முதல்ல என் வீடுதானே வருது, தன் வீடுன்னு நினைச்சு நுழைஞ்சுடறாரு. முதல் தடவை ஊஞ்சலைக் காணோம்னு நடுங்கிப் போயிட்டாரு. இது யார் வீடு, நான் எங்கே இருக்கேன்னு ஒரே அழுகை. அப்புறம்தான் நானும் ஊஞ்சல் போட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தா அடங்கிடுவாரு. அப்படியே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்க கேட்டுல விட்டுடுவேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே." அவளுக்கு வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது.

"சொல்லியிருக்கணும்தான். ஆனா தெரிஞ்சா வெளியே விடாம கதவைச் சாத்திடுவீங்களோன்னு பயந்தேன். அந்த நடை ஒண்ணுலதான் மனுஷன் சந்தோஷமா இருக்காரு."

ஊஞ்சல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் சக்கரத்தைப் பார்த்தபடியே கண்ணயர ஆரம்பித்திருந்தார். தபால்காரரும் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இது மட்டும் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியலை. இது இல்லைன்னு நேத்து ரொம்ப அழுதுட்டாரு. இனிமே வீட்டுல எதை மாத்தினாலும் எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அவர் வர்றதுக்குள்ள நானும் மாத்தி வச்சிடறேன்."