ஐகுலின் சட்டைப் பொத்தான்

தாமிரபரணித் தண்ணீர்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

கஜகஸ்தானில் தத்தெடுத்த ஐகுலை மடியில் வைத்துக்கொண்டு கோமதி மதுரை விமானத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்த நாட்டுப் பேச்சையும் அந்த நொடியே திருநெல்வேலித் தமிழில் சொல்லும் பொத்தான் ஒன்று ஐகுலின் சட்டையில் மினுங்கியது. கோமதிக்கு ஒரே தவிப்பு: ஊரில் இறங்குவதற்குள் தன்னை ‘அம்மா’ என்பாளா?

ஐகுல் வாயைத் திறந்தாள். “யத்தே, எங்க போறோம்?” என்றது பொத்தான்.

கோமதிக்கு முகம் வாடிவிட்டது. “அத்தையாம்லா!”

“விடுட்டி, சொந்தத்துக்குள்ள வந்துட்டால்லா,” என்று தேற்றிய கணவன் ஆவுடையப்பன் அப்படியே கண்ணயர்ந்தான்.

“இந்த மாமா என்ன இப்படிக் கொறட்ட விடுதாவ? இட்லியும் ஆறிப்போச்சு,” என்றது பொத்தான் மறுபடியும்.

முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கீழே யானைமலை தெரிந்தபோது ஐகுல் கோமதியின் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்தாள். “எம்மா, நம்ம வீடு எது?”

“ஏங்க, எந்திரிங்க! கேட்டியளா? அம்மான்னுட்டா!” கோமதி துள்ளிய துள்ளலில் விமானமே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பொத்தானுக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

ஐகுலுக்கு அன்று வயது ஏழு மாதம்.