குறுக்கே வந்தவள்

“ஏனுங்க அம்மணி, இந்த நீலச் சேலை மட்டும் படத்துல வேண்டாமுங்க. யாரோ குறுக்க வந்து நின்னுட்டாங்க” என்றார் சத்தியசீலன்.

நிலோஃபர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள். போன ஈஸ்டருக்குக் கிணத்துக்கடவு தென்னந்தோப்பில் குடும்பத்தோடு எடுத்தது. வெளியே எடுக்கிற படத்தில் யாராவது குறுக்கே வருவது சகஜம்தான். ஆர்.எஸ்.புரத்தில் ஸ்டூடியோ போட்ட நாளாய் அவள் எத்தனையோ பேரை அழித்திருக்கிறாள்.

அரைமணி நேரத்தில், நீலச் சேலை நின்ற இடத்தில் ஒரு தென்னை நின்றது.

“பாருங்க சார், ஆள் நின்ன சுவடே இல்லீங்க.”

சத்தியசீலன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“என்ற தோள்ல ஒரு கை இருந்துதுங்களே?”

இருந்தது. குறுக்கே வந்த யாரோ தோளில் கை வைப்பார்களா என்று அவளுக்கும் தோன்றியதுதான். கேட்கவில்லை.

“அதையும் எடுத்துட்டேனுங்க.”

“அதை மட்டும் திரும்ப வெச்சுப்போடுங்க.”

“ஆளில்லாம கை மட்டும் இருந்தா நல்லாருக்காதுங்க சார். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் யார் கைன்னு கேப்பாங்களே?”

“கேக்கட்டுமுங்க” என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அவ சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் பண்ணிட்டுப் போன அன்னிக்கு, இனி ஊட்டுல அவ பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சத்தம் போட்டது நாந்தானுங்க. யாராச்சும் கேட்டாத்தானுங்களே, என்ற பொண்ணு கைன்னு ஒருவாட்டியாச்சும் நான் வாய்விட்டுச் சொல்ல முடியும்?”