யாரும் திருப்பாத தட்டு

கட்டடம் முடிந்ததும் மேஸ்திரி எங்கள் ஆறு பேரை மூன்று நாள் தீவுக்கு அனுப்பினார். கடல் பளிங்காய் இருந்தது. சுட்ட கணவாய் மீன் வயிறு நிறையக் கிடைத்தது.

இரண்டாம் நாள் காலை மெல்பா அக்கா கடையில் சாப்பிடும்போது, ஊரில் மனைவி லோர்னாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதென்று போன் வந்தது. பையோடு எழுந்தேன். பாதிச் சாப்பாட்டில் ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் பத்திரமாய்ப் போய்ச்சேர மற்றவர்கள் தங்கள் தட்டை இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுத் திருப்புவது எங்கள் வழக்கம். அன்று யாரும் திருப்பவில்லை.

படகு ஒரு மணி நேரம் ஓடியது. இறங்கிய இடத்தில் மறுபடியும் அதே மெல்பா அக்கா கடை. நான் பாதியில் விட்ட சோற்றில் இன்னும் ஆவி பறந்தது.

"இங்கயே இறக்கிவிட்டியேய்யா?"

"கரைக்குத்தானே வந்த? இது கரை இல்லியா?" என்றான் படகுக்காரன்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஒன்பதாம் நாள் லோர்னா போனில் பேசினாள். "பொண்ணு பொறந்து ஒரு வாரமாச்சு. மூஞ்சி பாக்க வேணாமா?"

"ஒருத்தராவது தட்டைத் திருப்புங்கடா," என்று கெஞ்சினேன்.

"சோத்துல விளையாடாத எலேடியோ," என்றான் கூட்டாளி கிரிசாந்தோ, தினமும் சொல்வதுபோலவே. "லீவு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?"

அப்போது பக்கத்து மேசையில் ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொருவர் தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் தட்டின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, புள்ளைக்குக் காய்ச்சல். நீங்களாவது..."

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.