தலைமைப் பெட்டி பேசாதபோது

ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் டெலிபோன் சர்வருக்கு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ள ஒரு டேட்டாபேஸ் தேவைப்பட்டது. இரண்டு டேட்டாபேஸ் குடும்பங்கள் வேலை கேட்டு வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று கணினிப் பெட்டிகள். ஒன்று தலைமை, மற்ற இரண்டும் அது சொல்வதை அப்படியே நகலெடுத்து வைப்பவை.

"தலைமை திடீர்னு பேசலைன்னா?" என்று சர்வர் கேட்டது.

"அடுத்த நொடியே நான் தலைமை ஆயிடுவேன்," என்றது முதல் குடும்பத்தின் கடைக்குட்டி.

சர்வருக்கு அந்த வேகம் பிடித்துப்போயிற்று. ஆனாலும் சோதித்துப் பார்க்க, கடைக்குட்டியைக் குடும்பத்தோடு இணைக்கும் கேபிளை மட்டும் உருவியது.

"தலைமை போயாச்சு, இனி நான்தான்!" என்று கடைக்குட்டி கூவியது. தலைமையோ பக்கத்திலேயே நன்றாகத்தான் இருந்தது. ஒத்திகைக்கு வந்த இரண்டு அழைப்புகளை இரண்டும் ஆளுக்கொன்றாக எடுத்து, ஒரே வண்டியை இரண்டு வீடுகளுக்கு அனுப்பின.

இரண்டாவது குடும்பத்திலும் சர்வர் அதே கேபிளை உருவியது. அங்கே கடைக்குட்டி வாயைத் திறக்கவில்லை.

"ஏன் சும்மா இருக்கே?"

"யார் குரலும் கேக்கல. அவங்க போயிட்டாங்களா, என் காதுதான் போச்சான்னு தெரியல. எங்க வீட்ல ரெண்டு பேராவது ஒத்துக்கிட்டாத்தான் தலைமை. அதுவரைக்கும் என்கிட்ட வண்டி கேக்காதீங்க."

வேலை அவர்களுக்குக் கிடைத்தது.

முதல் குடும்பம் கிளம்பிப் போய்விட்டது. கேபிள் இல்லாத கடைக்குட்டிக்கு மட்டும் அது தெரியாது. மூலையில் உட்கார்ந்து இன்னும் வண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறது.