பொட்டு படாத கார்

"சாமி, கொஞ்சம் பொறுங்க. கூரையில நேரா வைக்காதீங்க. இந்த ஃபிலிம் மேல வைங்க."

புதுக் காருக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த புத்த பிக்கு, விரல் நுனியில் வெள்ளைச் சாந்தோடு அப்படியே நின்றார். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, கூரைத் துணியில், உள்ளங்கை அகலத்துக்கு கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிமை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தான் தனோங்.

வெளியே கைகூப்பி நின்ற அவன் மனைவி சுபினுக்கு அவமானத்தில் காது சுட்டது. சமுத் பிராகான் ஊரில் யார் வண்டி வாங்கினாலும் அது இந்த விகாரைக்குத்தான் முதலில் வரும். பிக்கு கூரையில் ஒன்பது பொட்டு வைப்பார். வண்டி உள்ளவரை அதை யாரும் துடைக்க மாட்டார்கள். இந்த மனுஷன் அதற்கும் உறை மாட்டியிருக்கிறான்.

"ஏன்யா, பொட்டுக்குமா ஃபிலிம்?"

"துணியில சாந்து பட்டா போகாது சுபின். ஏர்போர்ட்டு சவாரி. வெளிநாட்டுக்காரன் ஏறுவான், மேல என்ன அழுக்குன்னு மூஞ்சியச் சுளிப்பான்."

அப்புறம் பிக்குவிடம் பவ்யமாகக் கேட்டான். "ஃபிலிம் மேல வச்சாலும் பலிக்கும்ல சாமி?"

"மந்திரம் என்னுது, ஃபிலிம் உன்னுது. பலிக்கும் பலிக்கும்," என்று சிரித்துக்கொண்டே பிக்கு பொட்டு வைத்தார்.

கார் வந்த நாள் முதல் இதே கூத்துதான். ஷோரூமிலிருந்து நேரே ஃபிலிம் கடை. பெயிண்ட் மேல் ஃபிலிம், ஃபிலிம் மேல் செராமிக் கோட்டிங். கோட்டிங் இறுகும்வரை மழை ஆகாது, காக்கை எச்சம் ஆகாது, சுபின் கை ஆகாது. பிள்ளை பெற்றவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் கிடையாது. கைப்பிடியில் கோடு விழும் என்று அவள் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னான். ஒருநாள் வியாபாரத்துக்குக் கொண்டுபோய் விடச் சொன்னதற்கு, பன்றிக்கறி வாசனை சீட்டில் ஏறினால் போகாது என்றுவிட்டான். அவள் பழையபடி பைக்கில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஃபாக்டரி வாசலுக்குப் போனாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். இந்தப் பொட்டு விஷயத்தில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. தனோங்கின் அண்ணன் டாக்சி ஓட்டியவன். அந்த ஏர்போர்ட்டு ரோட்டில்தான் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். இனி விடியுமுன்னே இவனும் அதே ரோட்டில் போக வேண்டும், முழுசாகத் திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் நல்ல நாள் பார்த்து, அடுப்பைப் பற்றவைக்காமல், இவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பிக்கு தீர்த்தக் கிண்ணத்தை எடுத்தார். தனோங் குறுக்கே பாய்ந்தான்.

"சாமி, வண்டி மேல இப்பத் தண்ணி படக் கூடாது. கோட்டிங் இன்னும் இறுகல."

"அப்ப உன் மேல தெளிக்கலாமா? இல்ல உனக்கும் கோட்டிங் போட்டிருக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பிக்கு வீசினார். தனோங் இரண்டு கையையும் விரித்துக் காரை மறைத்துக்கொண்டு மொத்தத் தீர்த்தத்தையும் தானே வாங்கிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுபின் தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க விடமாட்டான்னு சொல்வாங்க. அந்தப் பூசாரிக்கே நான் கழுத்த நீட்டியிருக்கேன்."

"பொட்டு இருக்குல்ல? மேல பாரு."

"இருக்கு. அதை எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"வீணாகாமப் பாத்துக்கறேன்."

"அது சத்தியமா?"

"ரோட்டப் பாக்க விடு சுபின்."

அவனிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கண்ணாடியில் மூச்சு படாமல் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னான்.

சாயங்காலம் மறுநாளைக்கான கறியைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, குச்சியில் கோத்துக்கொண்டிருந்தாள். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால், தனோங் காருக்குள் மல்லாந்து கிடந்து கூரையில் ஒட்டிய டேப்பை உரித்துக்கொண்டிருந்தான்.

சுபினுக்கு உச்சந்தலை வரை ஏறியது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். அவள் போவதற்குள் கார் காலியாக இருந்தது. கூரை பளிச்சென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

வீட்டின் பின்பக்கம் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே அவன் முதுகு தெரிந்தது.

"எங்கய்யா பொட்டு? ஒரு பொழுதுகூட தாங்கலையா உனக்கு? உங்கண்ணன் போனது மறந்துபோச்சா? விடிஞ்சா அந்த ரோட்டுல போகப்போறவன் நீ. நான் யாருக்காக மண்டி போட்டுக் கும்பிட்டேன்? குப்பையிலதான போட்ட? சொல்லு."

அவள் அவனுக்கு முன்பக்கம் போய் நின்றாள். அவன் மடியில் அவளுடைய ஹெல்மெட் இருந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவள் தினமும் மாட்டிக்கொண்டு போகிற, பட்டை நைந்த ஹெல்மெட். உள் மெத்தையை விலக்கி, உச்சியில் அந்த ஒன்பது பொட்டையும் ஃபிலிமோடு பதித்திருந்தான். வியர்வை படாமலிருக்க அதன்மேல் இன்னொரு ஃபிலிம் துண்டை வைத்து, குமிழி வராமல் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"காருக்குக் கடைக்காரன் பத்து வருஷம் கேரண்டி குடுத்திருக்கான்," என்றான். "உனக்கு எவன் குடுத்தான்?"