டாக்டர் கைவிடவில்லை

ஏழாம் கட்டில்காரருக்கு ஆபரேஷன் செய்த புண் ஆறவில்லை. பத்து நாளாகச் சீழ். அவர் மனைவி என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சிஸ்டர், மறைக்காம சொல்லுங்க. பெரிய டாக்டர் எங்களைக் கை கழுவிட்டாரா?”

நின்று நின்று என் கால் வீங்கியிருந்தது. கையிலிருந்த நோட்டைப் புரட்டினேன்.

“இல்லம்மா. இன்னிக்கு வரைக்கும் அவர் கை கழுவல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுஷன் நல்லா இருக்கணும். தினமும் கட்டை அவரே பிரிச்சு, புண்ணைத் தொட்டுப் பாக்கறாரு, தெரியுமா?”

“தெரியும்மா.”

அவள் போனதும் நோட்டை மூடினேன். ‘நோயாளியைத் தொடுமுன் சோப்பால் கை கழுவியவர்கள்’ என்று அட்டையில் எழுதியிருந்தது. பெரிய டாக்டருக்கு நேரே பத்து நாளும் காலி.

மாதக் கடைசியில் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான்.